பாசியை எடுப்பதும் விட்டுவைப்பதும்

நாம் வாழும் ஆனேக்கல், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். மிக அண்மையிலுள்ள கடற்கரையை அடைவதற்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். உங்களுள் சிலர் கடலை இன்னும் நேரில் கண்டிராமலும் இருக்கலாம். ஆயினும் கடலில் விளைந்த ஒரு பொருள் நீங்கள் அறியாமலேயே உங்கள் வீட்டிற்கு வந்துபோகிறது.

அடுத்த முறை ஐஸ்கிரீம் வாங்கும்போது அதன் உறையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். சேர்பொருள்களின் பட்டியலில் 407 என்னும் எண் இருந்தால் அது கராஜீனன் என்ற பொருளைக் குறிக்கும். 406 என்பது அகர். 401 என்பது சோடியம் அல்ஜினேட். இவை மூன்றும் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவை. ஐஸ்கிரீமில் பனித்துகள்கள் பெரிதாகத் திரளாமல் தடுப்பதற்கும், பற்பசையின் நீர் தனியே பிரியாமல் காப்பதற்கும் இவை பயன்படுகின்றன. நோன்புக் காலத்தில் தமிழ் முசுலிம் குடும்பங்களில் பால் சேர்த்துச் செய்யப்படும் ‘கடல்பாசி’ என்னும் குளிர்ந்த இனிப்பை உண்டவர்கள், அகரை நேரடியாகவே சுவைத்திருக்கிறார்கள். கடைகளில் அதனைச் சைனா கிராஸ் என்று கூறி விற்பார்கள்.

உங்கள் கன்னட நண்பர்களிடம் ‘பாசி’ என்பதை அவர்கள் எவ்வாறு கூறுவர் என்று கேளுங்கள். ‘பாச்சி’ என்பர். கடலைக் ‘கடலு’ என்பர். இரு மொழிகளும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கு இச்சொற்களே சான்று.

பாசி என்பது என்ன?

கிணற்றுச் சுவரிலும் ஏரிக்கரையிலும் வழுக்கும் பச்சைப் படலத்தை நாம் பாசி என்கிறோம். கடற்பாசியும் அதே இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவிற்குக் கொத்துக்கொத்தாக வளரும். பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று நிறப் பிரிவுகள் அதில் உண்டு. அதற்கு உண்மையான வேர் இல்லை. பூவும் இல்லை, விதையும் இல்லை. பாறையை இறுகப் பிடித்துக்கொள்வதற்கு அடியில் ஒரு சிறு பற்றுறுப்பு மட்டும் உண்டு. உணவை அது வேரால் உறிஞ்சுவதில்லை. உடல் முழுவதாலும் கடல்நீரிலிருந்து பெற்றுக்கொள்கிறது. இந்தப் பற்றுறுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் செய்திகள் பலவும் அதனைச் சார்ந்தே அமைகின்றன.

கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. கடற்புல் வேரும் பூவும் உடைய தாவரம். ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசு மேய்வது அந்தப் புல்லையே. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது.

சமையலறையிலிருந்து ஆய்வகத்திற்கு

கடற்பாசி உலகப் புகழ் பெற்றதற்கு ஒரு சமையலறைச் செய்தி காரணமாயிற்று. 1881 ஆம் ஆண்டளவில் செருமனியில் இராபர்ட் காக் என்னும் அறிஞர் நோய்க் கிருமிகளைத் தனித்தனியே வளர்த்து ஆராய முயன்றார். கிருமி வளர்வதற்குக் கெட்டியான ஒரு தளம் தேவைப்பட்டது. செலட்டின் என்னும் விலங்குப் பொருளைப் பயன்படுத்தினர். மனித உடலின் வெப்பமாகிய 37 பாகை செல்சியசில் அது உருகி நீராயிற்று. சில கிருமிகள் அதனைத் தின்று கரைத்தும் விட்டன. காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் எசே என்பவரின் மனைவி ஃபேனி எசே, தம் வீட்டில் செய்யும் பழக்கூழ் வெயிற்காலத்திலும் உருகாதிருப்பதற்கு அகரே காரணம் என்று அறிந்திருந்தார். சாவாத் தீவில் வாழ்ந்து திரும்பிய ஒரு குடும்பத்தாரிடம் அவர் அதனைக் கற்றிருந்தார். அவர் கூறிய யோசனை பலித்தது. இன்றும் பெங்களூருவின் மருத்துவமனை ஆய்வகங்களில் கிருமியை வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் இருப்பது அகரே. அந்த அம்மையாரின் பெயர் அந்தக் காலத்து ஆய்வுக் கட்டுரைகளில் உரிய இடத்தைப் பெறவில்லை என்பதையும் இங்குக் கூறியாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது சப்பானிலிருந்து அகர் வருவது நின்றது. பல நாடுகள் தத்தம் கடற்கரைகளில் பாசியைத் தேடத் தொடங்கின. இந்தியாவில் அத்தேடல் சென்று சேர்ந்த இடங்களுள் முதன்மையானது இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம். 1947 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. பின்னாளில் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. குசராத்து மாநிலம் பவநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமும் மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையத்தை நடத்தி வருகிறது.

பாசி எடுக்கும் பெண்கள்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் பரவியுள்ளன. அந்த ஆழமற்ற கடலில் இறங்கிப் பாசி எடுப்பது பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்களின் தொழில். கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர்ச் செருப்புடன், இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குவர். பாறையும் பவளமும் கையைக் கிழிக்கும். சொறிமீனும் முள்ளும் வருத்தும்.

அவர்கள் பாசிகளுக்கு இட்ட பெயர்கள் அழகானவை. அகர் தரும் பாசிக்கு மரிக்கொழுந்து என்று பெயர். நம் ஊர்ப் பூக்கடைகளில் மாலையில் வைத்துக் கட்டும் மணமிக்க மரிக்கொழுந்தைப் போலவே அதுவும் மெல்லிய கிளைகளை உடையது. கஞ்சி காய்ச்சிக் குடிக்க உதவியது கஞ்சிப்பாசி. அல்ஜினேட் தருபவை கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும். நூல்களில் இவற்றுக்கு நீண்ட இலத்தீன் பெயர்கள் உண்டு. ஆனால் பக்கோடாப் பாசியை ஒருமுறை பார்த்தவர்கள் அதன் தமிழ்ப் பெயரை மறக்க மாட்டார்கள்.

இப்பெண்களின் தொழிலுக்கு 1986 ஆம் ஆண்டில் ஒரு சிக்கல் தோன்றியது. அவ்வாண்டில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989 இல் அதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பூங்காவிற்குள் சென்று எதையும் எடுத்தல் சட்டப்படி குற்றம். தாயும் பாட்டியும் பாசி எடுத்த தீவின் அருகே மகள் சென்றால் தடுக்கப்படும் நிலை உண்டாயிற்று.

அரசின் கடுமைக்கும் காரணம் இருந்தது. அதே வளைகுடாவில் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு எடுத்துச் சென்றனர். பவளப்பாறை அலையின் வேகத்தைத் தடுக்கும் அரண். அரண் குலைந்த இடத்தில் மணல் நிலைப்பதில்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போயின. ஒரு கடல்வளத்தை எல்லையின்றி எடுத்தால் என்ன நேரும் என்பதை அவ்விரு பெயர்களும் காட்டுகின்றன. 2001 ஆம் ஆண்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிற்குள் கொண்டுவரப்பட்டன.

ஆனால் பவளத்தை வெட்டுவதும் பாசியைப் பறிப்பதும் ஒன்றா? அப்பெண்கள் எழுப்பிய வினா இதுவே. பவளம் வளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பாசியோ பற்றுறுப்பு எஞ்சியிருந்தால் மீண்டும் தழைக்கும். ஆகவே எடுக்கும் முறையே முதன்மையானது. பாறையைச் சுரண்டினால் பற்றுறுப்பும் பெயர்ந்துவிடும். மறுமுறை அங்கே பாசி இராது.

பெண்கள் வாதிட்டதோடு நின்றுவிடவில்லை. ஒன்றுகூடித் தமக்குத் தாமே விதிகளை வகுத்துக்கொண்டனர். இரும்புச் சுரண்டியைப் பயன்படுத்துவதைக் கைவிட்டுக் கையாலேயே பறித்தனர். மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே, அதாவது அமாவாசையை ஒட்டி ஆறு நாள்களும் பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்களும் கடலுக்குச் செல்வது என்று முடிவு செய்தனர். அந்நாள்களில் கடல் மிகுதியாக உள்வாங்கும். பாறைகளை அடைவதும் எளிது. எஞ்சிய நாள்களில் பாசி வளரும். கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது அவர்களும் பாசி எடுப்பதை நிறுத்தினர்.

இம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி. சிறு வயது முதலே கடலில் இறங்கியவர். பாசி எடுக்கும் பெண்களின் கூட்டமைப்பிற்குத் தலைமை ஏற்றவர். தீவுகளின் இயற்கையையும் மக்களின் வாழ்வையும் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி பரிசு 2015 ஆம் ஆண்டில் அவருக்கு அளிக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிற்குச் சென்று அவர் அதனைப் பெற்றுக்கொண்டார்.

மிதவையில் ஒரு பயிர்

இயற்கையாக விளையும் பாசி போதாது. அதனைப் பயிரிட்டால் என்ன என்று அறிஞர்கள் எண்ணினர். காப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசி மிக விரைந்து வளர்வது, கராஜீனன் தருவது. பிலிப்பைன்சு நாட்டுக் கடலைத் தாயகமாகக் கொண்ட அதனை 1984 ஆம் ஆண்டில் உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தினர் சப்பானிலிருந்து சிறு துணுக்காகக் கொண்டுவந்தனர். முதலில் குசராத்துக் கரையிலும் 1990களில் மண்டபத்திலும் வளர்த்துப் பார்த்தனர். 2000 ஆம் ஆண்டையொட்டிப் பெப்சி நிறுவனம் அத்தொழில்நுட்பத்தைப் பெற்று, மகளிர் சுய உதவிக் குழுக்களின் வாயிலாகப் பயிரிடத் தொடங்கியது. அதனால் சில ஊர்களில் அதற்குப் ‘பெப்சி பாசி’ என்றே பெயர் வழங்கியது. 2008 இல் இத்தொழில் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

பயிரிடும் முறை எளியது. மூங்கிலால் சதுர மிதவை கட்டுவர். அதில் வரிசையாகக் கயிறுகளைப் பூட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் பாசித் துணுக்குகளை முடிவர். ஓரா மீன்கள் வந்து தின்றுவிடாதபடி அடியில் வலை விரிப்பர். ஒரு மிதவைக்கு ஏறக்குறைய 60 கிலோ பாசி விதையாக வேண்டும். 45 நாள்களில் அது நான்கு மடங்காகப் பெருகும். அதில் 60 கிலோவை அடுத்த நடவிற்கு ஒதுக்கிவிட்டு எஞ்சியதை மணலில் விரித்த வலைமீது உலர்த்துவர். பத்துக் கிலோ ஈரப் பாசி உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். உழவு இல்லை, உரம் இல்லை, நன்னீரும் தேவையில்லை. நீருக்காக ஆயிரம் அடிக்குமேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் நம் பகுதியில் வாழ்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

உப்பு ஆராய்ச்சி நிறுவனம் மற்றொன்றையும் கண்டறிந்தது. பாசியை உலர்த்துவதற்கு முன்னரே பிழிந்தால் கிடைக்கும் சாறு பயிருக்கு நல்ல ஊக்கி. பிழிந்த சக்கையிலிருந்து கராஜீனனையும் எடுக்கலாம். ஒன்றும் வீணாவதில்லை. சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் இத்தகைய சாறு எடுக்கும் ஆலை அமைந்தது. இப்கோ என்னும் உழவர் கூட்டுறவு நிறுவனம் கடற்பாசிச் சாற்றைச் ‘சாகரிகா’ என்னும் பெயரில் நாடெங்கும் விற்கிறது. ஆனேக்கல் வட்டத்தில் கேழ்வரகோ பூவோ தக்காளியோ பயிரிடும் உழவர் ஒருவர் அதனைத் தெளித்தால், மன்னார்க் கடல் இவ்வூர் வயலுக்கு வந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

தோன்றிய இடர்கள்

இவ்வளவு நன்மைகளைப் படித்தபின், ‘எங்கும் இதனையே வளர்க்கலாமே’ என்று உங்களுக்குத் தோன்றும். ஆராய்ச்சி அவ்வளவு விரைவாக முடிவிற்கு வருவதில்லை.

காப்பாபைகஸ் நம் கடலுக்கு அயல் பாசி. வேகமாக வளர்வது அதன் சிறப்பு. அதுவே அதன் இடருமாகும். 2005 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, இப்பாசியைப் பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே பயிரிடலாம் என்று வரையறுத்தது. தேசியப் பூங்காவின் பவளப்பாறைகளைக் காப்பதே நோக்கம். ஆனால் 2008 ஆம் ஆண்டில் மதுரை ஆய்வாளர்கள், குருசடைத் தீவின் பவளங்களின்மீது அப்பாசி படர்ந்திருப்பதைக் கண்டு கட்டுரை வெளியிட்டனர். பாசி போர்வைபோல் மூடினால் பவளத்திற்கு வெளிச்சம் கிடைக்காது; அது மடிந்துவிடும். வனத்துறையினர் பாசியைக் கையால் அகற்றும் பணியை மேற்கொண்டனர். சிறு துணுக்கு எஞ்சினாலும் அது மீண்டும் வளர்வதால் அப்பணி எளிதன்று. பாசி பரவிய இடம் சிறிதே, கட்டுப்படுத்த இயலும் என்று கூறிய அறிஞரும் உண்டு. இரு தரப்பினரும் கடலில் இறங்கிப் பார்த்தே பேசினர் என்பதால் இவ்விவாதத்தை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது இடர் எதிர்பாராதது. உலர்ந்த பாசியின் விளைச்சல் 2012–13 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 1,500 டன்னை எட்டியது. அதன்பின் திடீரெனச் சரிந்தது. கடல்நீர் வெப்பமடைந்தபோது பாசி வெளிறி, நைந்து, துண்டுதுண்டாக உதிர்ந்தது. மிதவைகளை நம்பியிருந்த குடும்பங்கள் வருவாயை இழந்தன. பயிர் முழுவதும், கொண்டுவரப்பட்ட ஒரு சிறு துணுக்கின் வழிவந்ததே. ஒன்றுக்கு வந்த கேடு எல்லாவற்றுக்கும் வருவது இயல்பு. ஒரே வகை விதையை நம்பி உழுதவர்களுக்கு நிலத்தில் நேர்ந்ததே கடலிலும் நேர்ந்தது.

எனவே இன்று ஆய்வாளர் தேடுவது விரைந்து வளரும் பாசியை மட்டும் அன்று. வெப்பத்தைத் தாங்கும் வகையும், மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி போன்ற நம் கடலுக்கே உரிய பாசிகளைக் கயிற்றில் வளர்க்கும் முறையும் தேடப்படுகின்றன. உள்ளூர்ப் பாசி மெதுவாக வளரும், வருவாய் குறைவு. ஆனால் அது பவளத்துடன் நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. எது சிறந்தது என்பதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

வெளிநாடுகளிலும் புதிய பயன்கள் தோன்றியுள்ளன. இலண்டனைச் சேர்ந்த நாட்பிளா என்னும் நிறுவனம் கடற்பாசியால் ஒரு மெல்லிய உறையைச் செய்தது. 2019 ஆம் ஆண்டின் இலண்டன் மராத்தான் ஓட்டத்தில் நெகிழிப் புட்டிகளுக்கு மாற்றாக அவ்வுறையில் பானத்தை நிரப்பி வழங்கினர். ஓடுவோர் உறையோடு சேர்த்தே விழுங்கலாம். கீழே எறிந்தாலும் அது மக்கிவிடும். நம் வட்டத்து ஏரிகளின் உபரிநீர் தென்பெண்ணை, காவிரி வழியே வங்கக் கடலையே சேர்கிறது. இங்கு எறியும் நெகிழி உறையும் அவ்வழியே செல்லக்கூடும்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியை அடுத்த வளமாவூரில் 127.71 கோடி ரூபாய் மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023 ஆம் ஆண்டு செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. விதைப்பாசி வழங்குதல், ஆய்வு, பயிற்சி, பொருளாக்கம் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்ப்பது அதன் திட்டம். அங்கே வகுக்கப்படும் விதிகளில், மாதத்தில் 12 நாள்கள் மட்டும் கடலில் இறங்கிய பெண்களின் அறிவும் இடம்பெறுமா என்பதே நான் அறிய விரும்புவது.

சொற்பொருள்

பற்றுறுப்பு – பாசி பாறையைப் பிடித்துக்கொள்ள உதவும் அடிப்பகுதி
அரண் – காவல், பாதுகாப்பு
காளவாய் – சுண்ணாம்பு சுடும் சூளை
ஊக்கி – வளர்ச்சியைத் தூண்டும் பொருள்
நெகிழி – பிளாஸ்டிக்
இடர் – துன்பம், தடை

பயிற்சி

1. செலட்டினைவிட அகர் கிருமி வளர்ப்பிற்கு ஏற்றதாக இருந்தது ஏன்?
2. அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டிப் பாசி எடுப்பதால் பெண்களுக்கும் பாசிக்கும் உண்டாகும் நன்மைகளை எழுதுக.
3. ஒரு மிதவையில் 60 கிலோ விதைப்பாசி இட்டு 240 கிலோ அறுவடை செய்தனர். 60 கிலோவை விதைக்கு ஒதுக்கினால் எத்தனை கிலோ உலர்ந்த பாசி கிடைக்கும்?
4. ‘பூங்காவிற்குள் எவரும் பாசி எடுக்கக் கூடாது’, ‘விதிகளுடன் எடுக்கலாம்’ – இருவர் உரையாடுவதாக ஒரு பக்க அளவில் எழுதுக. ஒருவர் வனத்துறை அலுவலர். மற்றவர் பாசி எடுக்கும் பெண். இருவரும் மரியாதையுடன் பேசட்டும்.
5. வீட்டிலுள்ள உணவுப் பொருள்களின் உறைகளில் 401, 406, 407 ஆகிய எண்கள் உள்ளனவா என்று தேடிப் பட்டியலிடுக.
6. ஊரிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ தொலைபேசியில் பேசி, அவர்கள் குளத்திலோ காட்டிலோ கடலிலோ எடுத்துப் பயன்படுத்திய ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள். எவ்வளவு எடுத்தனர், எவ்வளவை விட்டுவைத்தனர் என்பதையும் கேட்டு, அவர்கள் கூறிய சொற்களிலேயே எழுதி வருக.